நாவல் கேட்கும் பீவி

1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகூரின் ஒரு சந்து வீட்டுக்கு எழுதப்பட்ட சீட்டு இப்படிச் சொல்கிறது: "சைத்தூன் பீவி. பெண். வயது 49. மணமானவர். எழுத்தறிவு: இல்லை. தொழில்: இல்லை, வீட்டு வேலை." இதில் பெயர் சரி. பெண் என்பதும் சரி. மணமானதும் உண்மைதான், கணவர் மீரா உசேன் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, இரண்டு மாதம் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். வயது உத்தேசம். மற்ற இரண்டு தகவல்களும் தப்பு.

சீட்டை எழுதியவர் சவரிராஜ். நாகப்பட்டினத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள். வாசல் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே போகும் கதவில் பூப்போட்ட திரை தொங்கியது. திரையைப் பார்த்து, "தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்று திரை பதில் சொன்னது. எந்த மொழியானாலும் சரி என்று கேட்க வேண்டுமென்பது கையேட்டில் இருந்தது. சவரிராஜ் கையேட்டில் நாலாம் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் குர்ஆன் ஓதப் பழகும்போதே, பேசுகிற தமிழை அரபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதவும் பழகிக்கொள்வார்கள். தமிழுக்கு இன்னொரு எழுத்து இருக்க முடியும் என்று ஒரு தமிழாசிரியருக்கு எப்படித் தோன்றும்?

எழுதிக்கொண்டிருந்தபோது கூடத்து மூலையில், பெஞ்சின்மேல், சணல் கட்டிய காகிதக் கட்டுகள் ஏழெட்டைப் பார்த்தார். பழைய காகிதம் என்று நினைத்தார். மேலிருந்து நாலாவது கட்டு அவருடைய நாவல்.

அது அங்கே வந்த விதம் இது. சைத்தூன் பீவியின் தம்பி அஹமது கபீர் சென்னை மண்ணடியில் அச்சகம் வைத்திருந்தார். ஆரம்பத்தில் கல்யாணப் பத்திரிகையும் கப்பல் கம்பெனி பில் புத்தகமும் அடித்தார். நூலகங்களுக்கு அரசாங்கம் புத்தகம் வாங்குகிறது என்று தெரிந்ததும் நாவல் போடத் தொடங்கினார். ஆட்சி மாறிய புதிது. மேடையில் பேசியவர்கள் மந்திரியாகியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பேசத் தெரிந்த ஒவ்வொருவரும் தமக்கு எழுதவும் தெரியும் என்று முடிவு செய்தார்கள். மண்ணடிக்கு நாவல்கள் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. கபீருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. ஆனால் சின்ன வயதில் யார் கதை சொன்னாலும் அவருடைய லாத்தா கேட்டுவிட்டு, "இது பாதியிலயே செத்துப்போச்சு" என்று சொல்வதும், எந்த இடத்தில் செத்தது என்று விரலை வைத்துக் காட்டுவதும் அவருக்கு நினைவிருந்தது. லாத்தா என்றால் அக்காள். கட்டுகளை ரயிலில் நாகூருக்குத் தள்ளிவிட்டார்.

லாத்தாவுக்கு அந்தத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. மருமகள் லத்தீஃபா படிப்பாள், எழுத்துக் கூட்டி. ஒரு நாவல் முடிவதற்குள் அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்துவிட்டது. அதனால் பீவி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். எவருக்குத் தம்முடைய நாவல் அச்சாக வேண்டுமோ அவர் வந்து இன்னொருவருடைய நாவலைப் படித்துக் காட்ட வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை. மாலை அசர் தொழுகை முடிந்ததும் தொடங்கி, பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரைக்கும். அமெரிக்காவில் எழுத்தாளர்களுக்காகப் பதிப்பாளரிடம் பேசுவதற்கென்றே ஏஜெண்டுகள் இருப்பதாகவும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போவதாகவும் கபீர் பிற்பாடு எங்கோ படித்துவிட்டு லாத்தாவுக்கு எழுதினார். பீவி வாங்கியது சாயங்காலங்கள் மட்டுமே.

தன்னுடையதைத் தானே படிப்பதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "எழுதினவங்க படிச்சா கதை கேக்காது. அவங்க ஆசைதான் கேக்கும்." முதல் தாளில் பெயர் இருந்தால் லத்தீஃபா அதைக் கிழித்துவிடுவாள். யாருடையதை யார் படித்தார் என்று சொல்ல மாட்டார்கள். கட்டு நாகூருக்கு வந்த பிறகு எழுதியவர் வேறு பதிப்பகத்துக்கு எழுதக் கூடாது, கபீருக்கும் எழுதக் கூடாது, காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் எழுத்தாளர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. படிக்கக்கூடத் தயாராக இருந்தார்கள்.

திரைக்குப் பின்னால் பீவி முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்குவார். அந்த வருஷங்களில் எந்த அரிசியிலும் கல் இருந்தது. கதை அலுத்தால் முறத்தில் புடைக்கும் சத்தம் வேகமாகக் கேட்கும். கதை பிடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். படிப்பவருக்கு அவர் முகம் தெரியாது. முறம் கேட்கும். அது போதும்.

சவரிராஜுக்கு இதெல்லாம் கணக்கெடுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கபீரிடமிருந்து "நாகூரில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று மூன்றாவது கார்டு வந்தபோது, நாகூரில் யார், எதைக் கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனவர் அதே வாசலில் வந்து நின்றார். நாவல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைப்பில் நாலு சொல், நாலும் ஒரே எழுத்தில் தொடங்கும். பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் யாராவது சூரியனை விளித்துப் பேசுவார்கள். சூரியன் அன்றைய ஆட்சிக்கும் பொருந்தி வந்தது.

அவர் முதலில் எம்.எல்.ஏ. ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார். லத்தீஃபா அதை உள்ளே கொண்டுபோய்த் திரும்பி வந்து, "அவங்களும் கதை எழுதுறாங்களான்னு மாமி கேக்குறாங்க" என்றாள். அடுத்ததாக, கதாநாயகி ரோசலினுக்குச் சைத்தூன் என்று பெயர் மாற்றிய தாள்களை எழுதிக் கட்டுக்குள் சொருகிவிட்டு வந்தார். ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது: என் பேரில் ஒரு பிள்ளை முன்னூறாம் பக்கத்தில் காசநோயில் சாகிறதாமே, பழைய பேரையே வைக்கச் சொல்லுங்கள். அவமானம்தான். ஆனால் முன்னூறாம் பக்கம் வரை போயிருக்கிறார்கள் என்று தெரிந்ததில் சவரிராஜ் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்து வந்த தை அறுவடை முடிந்ததும் அவர் படிக்கும் முறை வந்தது.

மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்த வயல்களில் கூலிச் சங்கத்தார் கொடி ஊன்றுவதும் அதைப் பிடுங்குவதுமாக இருந்த தை அது. நாகூர்ச் சாலையில் போலீஸ் வேன் நிற்கும். சைக்கிளில் வந்த தமிழாசிரியரை இரண்டு தடவை நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். உள்ளே இருந்தது மூக்குக்கண்ணாடியும் தொண்டைக்குப் பனங்கற்கண்டும். வீட்டுக்குள் லத்தீஃபா ஒரு கட்டை முன்னால் வைத்தாள். முதல் தாள் கிழிந்திருந்தது. இரண்டாவது தாளின் முதல் வரியைப் பார்த்ததுமே சவரிராஜ் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். வலப்பக்கம் சாய்ந்த, ஒன்றுக்கொன்று நெருக்காமல் வரிசையில் நிற்கும் அந்தக் கையெழுத்து நாகப்பட்டினம் தாலுகாவில் நிலம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் தெரியும்.

வைரக்கண்ணு. தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுபவர். எட்டாம் வகுப்பு. குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த பிறகு அவர் மேஜையில் கூட்டம் ஓயவில்லை. காலையில் குத்தகைதாரருக்கு மனு எழுதுவார், சாயங்காலம் அதே நிலத்தின் மிராசுதாருக்கு ஆட்சேபணை எழுதுவார்; தாசில்தார் முன்னால் இரு தரப்பும் ஒரே கையெழுத்தில் மோதிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கூடும் இலக்கிய மன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சவரிராஜ் பேசுவதற்குக் கை தட்டுவார். அவர் கதை எழுதுவார் என்று சவரிராஜுக்குத் தெரியாது. எழுதினால் தம்மிடம் காட்டித் திருத்தி வாங்கிப் போவார் என்று மட்டும், யோசிக்காமலே, நம்பியிருந்தார்.

படித்தார். பிரிட்டிஷ்காரன் காலத்து மனு நடை. "மேற்படி" என்ற சொல் ஒரு பக்கத்தில் ஆறு தடவை வந்தது. சவரிராஜுக்கு மனம் லேசாயிற்று. மூன்றாம் பக்கத்தில் முறத்தின் சத்தம் நின்றது.

அரிசி தீர்ந்திருக்கும் என்று நினைத்தார். ஐந்தாம் பக்கத்தில் ஓர் அலுப்பான பத்தி வந்தது. முறம் நாலு தட்டுத் தட்டியது. அரிசி இருந்தது. ஆறாம் பக்கத்தில் மறுபடி நின்றது. அதன்பின் பாங்கு வரைக்கும் சத்தமே இல்லை. எழுந்தபோது திரை ஓரம் கொஞ்சம் விலகியிருந்தது. வளையல் போட்ட ஒரு கை ஒரு நோட்டில் வலமிருந்து இடமாக வேகமாக எழுதிக்கொண்டு போவது தெரிந்தது. கணக்கெடுப்புச் சீட்டு ஞாபகம் வந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தக் கை எழுதுவது வைரக்கண்ணுவைப் பற்றி என்பதுதான் அவரை உறுத்தியது.

பொறாமையை அவர் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. இலக்கிய மதிப்பீடு என்பார். வீட்டுக்குப் போய் மனைவி அமலோற்பவத்திடம், எட்டாம் வகுப்புப் படித்தவன் நாவல் எழுதினால் மொழி என்ன ஆகும் என்று மதிப்பிட்டார். அமலோற்பவம் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "நல்லா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்பதுதான் சங்கடமே என்று சொல்ல முடியாமல் சவரிராஜ் சோற்றில் நெய் போதவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

நாலு சாயங்காலம் இப்படியே போயிற்று. பரிசாக இருந்தால் ஒரே நாளில் அறிவித்து முடித்துவிடுவார்கள். இங்கே தினமும் ஒன்றரை மணி நேரம், எதிராளியின் வெற்றியைத் தம் சொந்தத் தொண்டையால், பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டைத் தள்ளிவிட்டால் தம்முடையதற்கு வழி திறக்கும் என்று நினைத்தார். மண்ணடியில் ஒரே வருஷத்தில் இரண்டு நாவலா போடப் போகிறார்கள்?

ஐந்தாம் நாள் அந்த இடம் வந்தது. கதையில் ஒரு குத்தகைதாரன். இருபது வருஷமாக உழுகிறான், ரசீது ஒன்றுகூடக் கிடையாது. விசாரணைக்கு வந்த அதிகாரி சாட்சி கேட்கிறார். தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மிராசுதார் குடையோடு நிற்கிறார். அப்போது அவன், ஐயா, என் மாட்டை அவிழ்த்து விடுங்கள், அது போய் நிற்கிற வயல் என்னுடையது என்கிறான். அதிகாரி சம்மதிக்கிறார். கயிற்றை அவிழ்க்கிறார்கள். இதுவரை சவரிராஜ் படித்துவிட்டார். முறம் மட்டுமல்ல, உள்ளே நடமாடிக்கொண்டிருந்த லத்தீஃபாவின் காலடிகூட நின்றுவிட்டது. அடுத்த பத்தியில் அவர் கண் ஓடியது. மாடு மெதுவாகத் தெருவைக் கடந்தது, வாய்க்கால் மதகின்மேல் நின்று மூத்திரம் பெய்தது, எல்லோரும் காத்திருந்தார்கள், பிறகு மேற்படி வயலில் இறங்கித் தலையைத் தாழ்த்தி நுகத்தடிக்காகக் காத்து நின்றது.

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தும் இப்படி ஒரு மாட்டை இவரால் நடக்க வைக்க முடிந்ததில்லை. சவரிராஜ் தாளைத் திருப்பினார். குரலைத் தூக்கினார். குத்தகைதாரன் இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி, "செங்கதிரோனே! செந்நெல் விளைவித்த என் செங்குருதியை நீ அறிய மாட்டாயா?" என்று அரைப் பக்கம் முழங்கினான். தாளில் அவன் வாயே திறக்கவில்லை. முறம் மெல்லத் தொடங்கியது. பிறகு வேகம் பிடித்தது. அந்த வாரத்திலேயே முதல் தடவையாகச் சவரிராஜ் சைக்கிளில் பாட்டு முனகிக்கொண்டு திரும்பினார்.

ஆறாம் நாளும் அங்கங்கே இரண்டு நல்ல வரியை விழுங்கிவிட்டு ஒரு முழக்கத்தை வைத்தார். முறம் புடைத்தது.

ஏழாம் நாள் கட்டைப் பிரிக்கும்போதே திரை பேசியது. வழக்கமாகப் படித்து முடிக்கும் வரை அது பேசாது.

"வாத்தியார், முந்தாநாள் மாட்டை அவுத்து விட்டாங்கள்ல. அது எங்க போச்சு?"

சவரிராஜ் தாள்களைப் புரட்டுவது போலப் புரட்டினார். அது கதையின் போக்கில் பின்னால் தெரியும் என்று ஏதோ சொன்னார்.

"ரெண்டு நாளா எனக்கு அந்த மாட்டு நெனப்புதான். அவுத்துட்டு அப்படியே விட்டுட்டாரே மனுஷன். அந்த எடத்தை இன்னொரு தரம் படிங்க."

தப்பிக்க இரண்டு வழி இருந்தது. தாளில் உள்ளதைப் படிக்கலாம். முந்தாநாள் ஏன் இது இல்லை என்ற கேள்வி வரும். முந்தாநாள் சொன்னதையே சொல்லலாம். அது எங்கும் எழுதியில்லை. சவரிராஜ் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். குத்தகைதாரன் கைகளை உயர்த்தினான். "பகலவனே! பாரெல்லாம் ஒளி பரப்பும் நீ..."

"நில்லுங்க" என்றது திரை. "முந்தாநாள் அவன் செங்கதிரோனேன்னு கூப்பிட்டான். ரத்தம்னான். இன்னைக்குப் பகலவன்ங்கிறான். ஒரே தாள்ல எப்படி வாத்தியார் ரெண்டு சூரியன்?"

 உள்ளே லத்தீஃபா சிரித்ததும் உடனே வாயைப் பொத்திக்கொண்டதும் கேட்டது. சவரிராஜ் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். போனால் தம்முடைய கட்டு? அது இந்த வீட்டு பெஞ்சின்மேல்தான் இருந்தது. உட்கார்ந்தே இருந்தார். வேறு எதையோ விசாரிப்பவர் போல, தம் நாவலைப் படித்தது யார் என்று கேட்டார். ஒருபோதும் சொல்லாத பீவி அன்றைக்குச் சொன்னார்.

"மனு எழுதுறவருதான். பதினெட்டு நாள் வந்தாரு."

 தாம் செய்ததை அவனும் செய்திருப்பான் என்றுதான் சவரிராஜுக்கு முதலில் தோன்றியது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் எப்படியெல்லாம் கெடுத்தானோ. உண்மையில் அப்படித்தான் இருந்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்திருந்தால் கணக்குச் சரியாகிப் போயிருக்கும்.

ஆனால் நடந்தது வேறு என்பதைப் பீவி நிதானமாக, போன வாரம் கேட்ட கதையைச் சொல்வது போல் சொன்னார். வைரக்கண்ணு ஒவ்வொரு முழக்கமும் வரும்போது நிறுத்தி, இங்கே சூரியனைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது, படிக்கட்டுமா என்று கேட்பாராம். படியுங்கள் என்றால் ஒரு எழுத்து விடாமல் படிப்பாராம். பல இடத்தில் பீவியே, போதும், தாண்டுங்கள் என்றாராம். தாண்டிய பக்கங்களின் எண்ணை வைரக்கண்ணு ஒரு சீட்டில் குறித்துக் கட்டுக்குள் வைத்திருந்தார். முடிவில் அபிப்பிராயம் கேட்டதற்கு வைரக்கண்ணு சொன்னதைப் பீவி அவர் குரலிலேயே சொன்னார்.

"எழுதினவரு யாருன்னு தெரியும்மா, சொல்ல மாட்டேன். இந்தச் சூரியனை எல்லாம் எறக்கி வச்சுட்டா உள்ள ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. பசங்க பேசுறது அப்படியே கேக்குது."

வைரக்கண்ணுவுக்குத் திறமை இருந்ததை ஒரு வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சவரிராஜ் தாங்கியிருந்தார். இப்போது அவருக்கு யோக்கியதையும் இருப்பது தெரிந்துபோயிற்று. இதைத் தாங்குவது கடினம். திறமையைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினெட்டு நாள் தானாக ஒரு சொல்லையும் விடாமல் இன்னொருவனுடைய சூரியன்களைச் சுமந்ததை என்னவென்று சொல்வது? கடைசி பெஞ்சிலிருந்து அவர் தட்டிய கைதட்டல்கள் எல்லாம் உண்மையானவை என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். அதனாலும் பொறாமை கொஞ்சம்கூடக் குறையவில்லை. கூடியது.

"என்னுடையதைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார்.

"எதுக்கு? நீங்க எழுதினதை யாரும் தப்பாப் படிக்கலையே" என்றார் பீவி. கொஞ்சம் பொறுத்து, "அந்த மாட்டைப் படிங்க. எழுதியிருக்கிறபடி" என்றார்.

சவரிராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தட்டையான குரலில் படித்தார். மாடு தெருவைக் கடந்தது. மதகில் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். மேற்படி வயலில் இறங்கியது. திரைக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. படித்து முடித்த பிறகு அந்த மௌனத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது: இத்தனை நாளாக அவர் கேட்க ஆசைப்பட்ட மௌனம் இதுதான், அவர் வாயிலிருந்தே வந்திருக்கிறது, ஆனால் அவருடையது இல்லை.

பீவி அதற்கு மேல் குற்றம் பேசவில்லை. இந்தக் கட்டை நாளையிலிருந்து முதல் பக்கம் தொடங்கிப் படிக்க வேண்டும் என்றார். அது முடிந்ததும் வாத்தியார் தம் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், சீட்டில் குறித்திருக்கும் பக்கங்களை எடுத்துவிட்டுக் கொண்டுவரலாம்; இஷ்டமில்லையென்றால் அப்படியே எடுத்துப்போய்விடலாம், தடையில்லை. வேறு யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லக் கூடாதா என்று சவரிராஜ் கெஞ்சினார். அவர் இனி மாற்றிப் படிக்க மாட்டார் என்பதை அந்தக் குரலிலேயே பீவி தெரிந்துகொண்டிருந்தார் போலும்.

"நீங்க பொய் படிச்சா உங்க குரல் மேல ஏறுது வாத்தியார். எனக்கு நல்லாத் தெரியுது. மத்தவங்க படிச்சா அது தெரியாது. நீங்களே வாங்க."

எடுக்க வேண்டிய பக்கங்கள் நூற்று முப்பத்தொன்று. ஒவ்வொன்றையும் உருவும்போது அவருக்கு வலித்தது என்பதற்கு அமலோற்பவம் சாட்சி. ஒரு மாதம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. இலக்கிய மன்றத்தில் வைரக்கண்ணுவைப் பார்த்தபோது அவர் வழக்கம்போல் வணக்கம் சொன்னார். சவரிராஜ் வணக்கத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாக வெளியே போய்விட்டார்.

சைத்தூன் பீவி இந்தச் சங்கதியைத் தம்பிக்கு எழுதவில்லை, வைரக்கண்ணுவிடமும் சொல்லவில்லை. மாட்டுக் கதையைச் சவரிராஜின் வாயாலேயே பதினாறு சாயங்காலம் முழுசாகக் கேட்டுவிட்டு, அதைச் சித்திரையில் சென்னைக்கு அனுப்பினார். சவரிராஜின் நாவலை, சூரியன் நீங்கலாக, அடுத்த தையில் அனுப்பினார்.